கொக்காவிலில் நின்ற பலகையும் முரசுமோட்டையில் நிற்கும் பலகையும்

விசுவமடுவிலிருந்து வந்த ஒரு விவசாயி, பழுதான நீர்ப்பம்பியை லான்ட்மாஸ்டர் என்னும் சிறு உழவு இயந்திரத்தின் பெட்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, தோள் துவாயால் முகத்தைத் துடைத்தபடி கேட்டார்: “தம்பி, இப்படி ஒரு கடை இங்கே இருப்பது எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. தேநீர்க் கடையில் விசாரித்துத்தான் வந்தேன். ஒரு விளம்பரப் பலகையாவது வைக்கக் கூடாதா?”

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அப்போது என் கடையின் பலகை கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியில், கொக்காவில் பக்கம், இருபது அடி அகலத்தில் நின்றுகொண்டிருந்தது. மனைவியின் இரண்டு காப்புகளை அடகு வைத்து நிறுத்திய பலகை அது. அதைச் சொன்னேன்.

“கொக்காவிலிலா? அந்தப் பாதையால் நான் வருடத்துக்கு இரண்டு தடவை போவேன். வவுனியா ஆஸ்பத்திரிக்கு. போகும்போது கண் பலகையிலா இருக்கும், தம்பி?”

இது 2017ஆம் ஆண்டு நடந்தது. அவர் போன பிறகு வெகுநேரம் கல்லாப் பெட்டிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதங்களாக அந்தப் பலகை நின்றது. அதைப் பார்த்து வந்தேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. பலகை போதாது, இன்னொன்று வைக்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இடமே பிழை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

என் கடை கிளிநொச்சிக்கு வடக்கே, பரந்தன் சந்திக்கு அருகில் இருக்கிறது. நீர்ப்பம்பி, மருந்து தெளிகருவி, அவற்றின் உதிரிப்பாகங்கள், திருத்த வேலை. வன்னியில் சிறு தொழில் நடத்தும் எல்லோரையும் போல நானும் ஒன்றுக்குப் பத்துத் தடவை யோசித்துத்தான் செலவழிப்பேன். அப்படியிருந்தும் அந்த இடத்தை ஏன் எடுத்தேன்? பலகைக்கு இடம் பிடித்துத் தரும் ஒருவர் வந்து, “அண்ணை, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகிற அத்தனை வாகனமும் இந்த வழியால்தான் போக வேண்டும்” என்றார். அது பொய்யில்லை. ஆனால் அந்த வாகனங்களில் இருப்பவர் யார், அவர் எந்த நேரத்தில் போகிறார், என்ன வேகத்தில் போகிறார், பம்பி வாங்குகிறவரா என்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாகனத்தின் தொகையில் மயங்கிவிட்டேன்.

ஒரு நாள் இரவு அதை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மோட்டார் சைக்கிளில் கொக்காவில் போய், என் பலகைக்கு எதிரே நின்றேன். நள்ளிரவு தாண்டியதும் கொழும்பிலிருந்து வரும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. எல்லா யன்னலிலும் திரை. உள்ளே ஒரு நீல விளக்கு. ஆட்கள் நல்ல உறக்கத்தில். பஸ்ஸின் வெளிச்சம் பலகையின் கீழ் ஓரத்தை ஒரு கணம் தொட்டுவிட்டுப் போய்விட்டது. என் பெயரும் தொலைபேசி இலக்கமும் காட்டு இருளுக்குள் நின்றன. வன்னியின் ஊடாகப் போகும் நெடுந்தூரப் பஸ்களில் பெரும்பகுதி வன்னியை இரவில்தான் கடக்கிறது என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததா? தெரியும். பலகையோடு சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பகலிலும் அந்த இடம் நல்லதில்லை. 2011இல் திறக்கப்பட்ட கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரம் காட்டுக்கு மேலே தெரியத் தொடங்கினால், வண்டியில் இருக்கும் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அதன் பக்கத்தில் நான் என்ன எழுதி வைத்தாலும் கண்ணில் படாது. கண்ணை இழுக்கும் பெரிய பொருள் எது இருந்தாலும், அது கோபுரமோ கோயிலோ குளக்கட்டோ, அதன் அருகில் நம் பலகை தோற்றுவிடும்.

இன்னொரு குற்றமும் இருந்தது. பலகையை வேலிக்குச் சமாந்தரமாக நட்டிருந்தோம். ஊர்மனை இல்லாத இடத்தில் கார், வான்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேல் வண்டி ஓடிவிடும். நூறு மீற்றர் தூரத்தில் பலகை தெரியத் தொடங்கினால், வாசிப்பதற்கு ஐந்து செக்கன். அதுவும் பலகை வருகிறவரை நோக்கித் திரும்பி நின்றால்தான். வேலியோடு ஒட்டி நின்றால் நேர் எதிரே வரும்போதுதான் எழுத்துத் தெரியும், அதற்குள் வண்டி கடந்துவிடும். அந்த ஐந்து செக்கனுக்குள் வாசிக்கச் சொல்லி நான் எழுதியிருந்தது பதினொரு பொருள்களின் பெயர், இரண்டு தொலைபேசி இலக்கம், கடையின் முழு முகவரி. இன்று யாராவது அப்படிக் கேட்டால் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

அடுத்த இடத்தைத் தேட இரண்டு வருடம் எடுத்தது. முதலில் என் வாடிக்கையாளர் எங்கிருந்து வருகிறார் என்று எழுதத் தொடங்கினேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்புறத்தில் ஊரின் பெயர் மட்டும். தருமபுரம், விசுவமடு, கண்டாவளை, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று பக்கம் நிறைந்தது. எல்லாம் பரந்தன் – முல்லைத்தீவு வீதியை, அதாவது ஏ35ஐ ஒட்டிய ஊர்கள். என் பலகை நின்ற ஏ9இன் தெற்குப் பக்கத்திலிருந்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்தப் புத்தகத்தை முதலே எழுதியிருந்தால் காப்பு அடகுக்குப் போயிருக்காது.

பிறகு 2019 சித்திரையில், சிறுபோக வேலை தொடங்கும் நேரம், பரந்தனுக்குக் கிழக்கே ஏ35இல் இருக்கும் முரசுமோட்டையில் ஒரு மதகின் மேல் மூன்று காலைகள் உட்கார்ந்தேன். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை. கொப்பியில் மோட்டார் சைக்கிள், லான்ட்மாஸ்டர், முச்சக்கர வண்டி, பஸ், லொறி என்று கோடு கிழித்து, பரந்தன் போகிறவை ஒரு பக்கம், முல்லைத்தீவு போகிறவை மறுபக்கம். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே வெட்டுவேன். முதல் நாள் நான் பார்த்தது தொகை. இரண்டாம் நாள்தான் ஆட்களைப் பார்க்கத் தொடங்கினேன். காலையில் பரந்தன் பக்கம் போகும் லான்ட்மாஸ்டர்களின் பெட்டி வெறுமையாக இருந்தது. சாமான் வாங்கப் போகிறார்கள். ஒரு பெட்டியில் பம்பி ஒன்று கயிறு கட்டிக் கிடந்தது. மோட்டார் சைக்கிளின் பின்னால் தெளிகருவியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பையன் போனான். அவன் என் கடைக்கு வரவில்லை. அன்று பின்னேரம் வரை பார்த்திருந்தேன்.

பலகை நிற்க வேண்டிய இடம் அப்போது தெளிவாகத் தெரிந்தது. வாங்கும் எண்ணத்தோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டவர், இன்னும் எங்கே போவது என்று முடிவெடுக்காத தூரத்தில், மெதுவாகப் போகும் வேகத்தில், அதைக் காண வேண்டும். பரந்தன் சந்திக்கு வந்துவிட்டால் தாமதம். அங்கே ஏற்கனவே நூறு பெயர்ப்பலகைகள் கண்ணைக் குத்துகின்றன. சந்திக்கு இரண்டு, மூன்று கிலோமீற்றர் முன்னால் என்றால் மனத்தில் பதிந்து சந்திவரை வரும்.

இனி வெயில். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. மதகில் உட்கார்ந்தபோது நானே கண்டது. காலையில் முரசுமோட்டையிலிருந்து பரந்தன் போகிறவருக்குச் சூரியன் முதுகுப் பக்கம். அவரைப் பார்த்து நிற்கும் பலகையின் முகத்தில் இளவெயில் நேராக விழும். எழுத்துப் பளிச்சென்று தெரியும். எதிர்த்திசையில், கிழக்கு நோக்கிப் போகிறவருக்குச் சூரியன் கண்ணுக்குள். அவருக்கு எதிரே நிற்கும் பலகை கறுத்த சதுரமாகத்தான் தெரியும். ஆகவே வாடிக்கையாளர் காலையில் வருகிறவரா மாலையில் வருகிறவரா என்பதைப் பொறுத்துப் பலகையின் முகம் மாற வேண்டும். நாம் இடது பக்கமாக வண்டி ஓட்டுகிறோம். இடது ஓரத்தில் நிற்கும் பலகைதான் கண்ணுக்குக் கிட்டே, லொறியும் பஸ்ஸும் குறுக்கே வந்து மறைக்காத இடத்தில் நிற்கும். இவ்வளவையும் சேர்த்தால் எனக்குக் கிடைத்தது முரசுமோட்டையில், வீதியின் தென்புறம், கிழக்குப் பார்த்த முகம்.

அந்த இடத்தில் ஒரு அம்மாவின் வளவு இருந்தது. வேலியோரம் ஒரு வேம்பு. வேம்பின் கீழ் அவருடைய சாய்மனைக் கதிரை. விஷயத்தைச் சொன்னேன். “வாடகை தருவது சரி, தம்பி. இது பெர்மிட் காணி. பிறகு எனக்கு ஒரு கரைச்சலும் வரக் கூடாது” என்றார்.

இந்த ஒரு வசனத்துக்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. சொந்தப் பெயரில் உறுதி உள்ள காணி போல நினைத்தபடி குத்தகைக்குக் கொடுக்க முடியாது. பிரதேச செயலகத்தைக் கேட்காமல் ஒப்பந்தம் எழுதினால் பலகைக்காரரைவிடக் காணிக்காரர்தான் சிக்கலில் மாட்டுவார். கிராம அலுவலரிடம் போய், அவர் மூலம் பிரதேச செயலகத்துக்கு எழுதிக் கொடுத்து, பதில் கிடைத்த பிறகுதான் கை வைத்தோம். வீதிக்குச் சொந்தமான ஒதுக்கு நிலம் எதுவரை என்று அளந்து, வேலிக்கு உள்ளே குழி போட்டோம். ஏ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஒதுக்கு நிலத்தில் அனுமதி இல்லாமல் நட்டால் எந்த நாளும் பிடுங்கலாம். பிரதேச சபையில் விளம்பரப் பலகைக்குத் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். கொக்காவிலில் “எல்லா அனுமதியும் எடுத்தாயிற்று” என்று வாயால் சொன்னதை நம்பினேன். ஒரு வருடம் முடிவதற்குள் அகற்றச் சொல்லிக் கடிதம் வந்தது. கடிதம் வந்த நாளிலிருந்து, இடம் பிடித்துத் தந்தவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அனுமதிக் கடிதத்தின் பிரதி கைக்கு வராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

குழி தோண்டுவதைப் பற்றியும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து பல வருடங்கள் கழித்தும் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. வீதியோரம் துப்புரவாகத் தெரிகிறது என்பதற்காகப் பற்றைக்குள் நான்கடி ஆழத்துக்கு அலவாங்கு போடக் கூடாது. அந்தக் காணி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு நிச்சயப்படுத்திய பிறகே கூலியாளை இறக்குங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எழுத்தின் அளவுக்கு ஒரு சோதனை செய்தேன். பிளெக்ஸ் அச்சடிப்பவர் கணினித் திரையில் காட்டுவது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். திரைக்கும் நமக்கும் இரண்டடி. நான் ஒட்டுப்பலகையில் மூன்று அளவில் எழுத்து எழுதி, மருமகனை வேலியோரம் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் கண்டாவளைப் பக்கமிருந்து வந்து, எந்த இடத்தில் வாசிக்க முடிகிறதோ அங்கே நிறுத்தி, காலடியால் அளந்தேன். ஒரு சாண் எழுத்தை நூறு மீற்றரில் என்னால் வாசிக்கவே முடியவில்லை. ஒன்றரை அடி எழுத்துத் தெளிவாகத் தெரிந்தது. தமிழ் எழுத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ‘ண’வும் ‘ன’வும் தூரத்தில் ஒன்றாகிவிடும். சுழிகள் அடைபட்டு ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். மெல்லிய கோடுள்ள அலங்கார எழுத்தென்றால் மெய்யெழுத்தின் புள்ளி காற்றோடு போய்விடும். தடித்த, சுழி திறந்த எழுத்து, எழுத்துகளுக்கு இடையில் தாராளமான இடைவெளி, மஞ்சள் தரையில் கறுப்பு. வீதிப் பலகைக்கு ஏழு சொல்லுக்கு மேல் வேண்டாம் என்று விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். நான் ஐந்தில் நிறுத்தினேன்: “பம்பி பழுதா? பரந்தன் சந்தி, இடப்பக்கம்.” கீழே ஒரே ஒரு தொலைபேசி இலக்கம்.

அந்த இலக்கம் பலகைக்கென்றே வாங்கிய தனி சிம். கடைக்குள் வேறெங்கும் அது இல்லை. அது ஒலித்தால் பலகை பேசுகிறது என்று அர்த்தம். மாத முடிவில் அழைப்புகளை எண்ணிப் பார்ப்பேன். பலகை பயன் தருகிறதா என்று அறிய இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. கால்கள் ஊன்றி இரண்டாம் நாள், காலை ஆறரைக்கு முதல் அழைப்பு வந்தது. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். “பலகைக்குக் கீழேதான் நிற்கிறேன், அண்ணை. கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?” என்றது குரல். வாயைக் கொப்பளிக்காமலே ஓடிப் போய்க் கடையைத் திறந்தேன்.

ஏ9இல் பலகையே வைக்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கிளிநொச்சியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் என் மைத்துனருக்கு ஏ9தான் சரி. அவருடைய வாடிக்கையாளர் பயணி. முறிகண்டியில் எல்லா வண்டியும் நிற்கும். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் யாரும் போவதில்லை. அங்கே வைப்போம் என்றுதான் அவர் முதலில் சொன்னார். கோயிலடியில் நின்று பார்த்தோம். இறங்கியவர்களின் கண் கோயிலிலும் கச்சான் கடையிலும் இருந்தது. பலகை வைத்தாலும் இன்னும் பல பலகைகளோடு ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் கும்பிட்டு ஏறியதும் வண்டி மெல்ல ஊர்கிறது, எல்லோரும் விழித்திருக்கிறார்கள், கச்சான் உரித்தபடி வெளியே பார்க்கிறார்கள். வண்டி வேகம் எடுப்பதற்கு முந்திய அந்த முதல் இருநூறு மீற்றர்தான் பொன்னான இடம். அங்கே கிளிநொச்சிப் பக்கம் போகிறவர்களைப் பார்த்து வைத்தார். லொறிச் சாரதிகளுக்காகச் சிங்களத்திலும் ஒரு வரி போட்டார். அது அவருக்குத் தேவை. எனக்குத் தேவைப்படவில்லை.

திருவிழாவுக்கும் இதே கணக்குத்தான். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வன்னியே திரண்டு போகும். அன்றைக்கு மட்டும் துணிப் பதாகை கட்டலாம், ஆனால் மறுநாள் நீங்களே போய் அவிழ்த்து எடுத்துவிடுங்கள். அம்மன் வீதியில் கிழிந்த பதாகை தொங்குவது மனத்துக்கு நல்லதாக இல்லை.

முல்லைத்தீவுக்கு அருகே வட்டுவாகல் பாலத்தடியில் ஓர் இடம் இருக்கிறது, வைக்கிறாயா என்று 2019இல் ஒருவர் கேட்டார். விளம்பரக் கணக்கில் பார்த்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒடுங்கிய பாலம். எதிரே வண்டி வந்தால் நின்று காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர் எதையும் வாசிப்பார். நான் மாட்டேன் என்றேன். 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், எங்கள் சனம் எந்த நிலையில் அந்தப் பாலத்தைக் கடந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதில் நின்று காத்திருப்பவர் வெறும் வாகனப் பயணி அல்ல. அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒருவரின் கண்ணுக்கு முன்னால் பம்பி விளம்பரத்தை நீட்ட என்னால் முடியாது. முள்ளிவாய்க்கால் பக்கமும் அப்படித்தான். சட்டம் தடுக்காவிட்டாலும் நாமே தவிர்க்க வேண்டிய இடங்கள் இந்த மண்ணில் இருக்கின்றன.

நட்ட பிறகு வரும் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டுசுட்டான் வீதியில் நண்பர் ஒருவர் மெல்லிய குழாயில் நட்ட பலகையில் யானை முதுகு தேய்த்துவிட்டுப் போயிருந்தது. காலையில் பார்த்தால் பலகை வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. பரந்தன் பக்கம் வயல் களி. கோடையில் கல்லாக இருக்கும் நிலம் கார்த்திகை மழையில் கூழாகிவிடும். நான்கடி ஆழம், அடியில் கல், மேலே கொங்கிறீற் என்று போடாவிட்டால் பலகை சாயும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வெட்டவெளியில் பிளெக்ஸைப் பிய்த்து எறியும். ஆணி அடிக்காமல், ஓரத்தில் நெருக்கமாகக் கண் துளை போட்டு நைலோன் கயிற்றால் கட்டுங்கள், அப்போதுதான் காற்றுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வருகிறது என்று வானொலியில் கேட்டதும் பிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டி அந்த அம்மாவின் திண்ணையில் வைத்தேன். பலகையின் சட்டகம் மட்டும் நின்றது, சேதமில்லை. தேர்தல் காலத்தில் சுவரொட்டி ஒட்டிவிடுவார்கள். பசை காய்வதற்குள் தண்ணீர் ஊற்றி உரித்தால் எழுத்துப் பிழைக்கும்.

இடத்தைப் பங்குனிக் கோடையில் மட்டும் பார்த்து முடிவெடுப்பது பெரிய பிழை. அப்போது பற்றை காய்ந்து வெளி தெரியும். மார்கழியில் அதே இடத்தில் ஆளுயரத்துக்குப் பச்சை நிற்கும். மழைக்குப் பிறகும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த மழைக்கு எந்த மரம் எந்தப் பக்கம் தழைக்கும் என்று அந்த வளவுக்காரரையே கேட்க வேண்டும்.

போன மாசியில் முரசுமோட்டை அம்மா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, வேம்பு தழைத்து உங்கள் பலகையை மறைக்கிறது. வந்து பாருங்கள்.” கத்தியோடு போனேன். கீழ்க் கொப்பு இரண்டு தொலைபேசி இலக்கத்தின் மேல் படர்ந்திருந்தது. எதை வெட்டலாம், எதை வெட்டினால் தன் கதிரையில் வெயில் விழும் என்று அவர் கை நீட்டிக் காட்டினார். காட்டிய இரண்டை மட்டும் வெட்டினேன். பிறகு கண்டாவளைப் பக்கம் வரை போய், திரும்பி ஓட்டி வந்து பார்த்தேன். இலக்கம் முழுதாகத் தெரிந்தது. மேற்கொப்பு ஒன்று மட்டும் “சந்தி”யில் ‘தி’யின் மேல் விசிறியை மறைத்துக்கொண்டு நின்றது. அதில் காகக் கூடு. குஞ்சுகள் பறக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.